ஷார்ஜாவில் இலையுதிர் காலம்

அத்தியாயம் 12

தோட்டத்துக் குழாய் வால்வில் தொங்கிய அந்த மஞ்சள் அட்டையை மாட்டியது யார் என்று போன வாரத்திலிருந்து மண்டையைக் குழப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார்? பாலமுரளியேதான்.

‘தொடாதே’ என்று மூன்று மொழிகளில் அச்சடித்த அட்டை. எண்ணெய் ஆலைகளில் பழுது பார்க்கும்போது வால்வில் மாட்டுவார்கள். அதை வீட்டுத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் மாட்டி, கீழே கையெழுத்தும் தேதியும் போடுகிற மனிதர் ஷார்ஜா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலமுரளி பராமரிப்பு இன்ஜினியர். பல வருஷமாகத் தொலைவில் ருவைஸ் எண்ணெய் ஆலை கேம்ப்பிலேயே வாசம். மாதத்தில் சில நாள் வீட்டில் தலையைக் காட்டுவார். குளிர்காலம் வந்தால் அதுவும் கிடையாது. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். இந்த வருஷம்தான் கம்பெனி அவரை ஷார்ஜா ஆபீஸுக்கு மாற்றியது. வந்த நாள் முதல், சம்னான் பகுதியில் இருக்கும் தன் பழைய வாடகை வில்லாவையே ஒரு ஆலையாக நினைத்துப் பராமரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏணியில் ஏற வேண்டுமா? பெர்மிட் எழுது. காஸ் சிலிண்டர் மாற்ற வேண்டுமா? பெர்மிட் எழுது. அதற்கென்று ஆலையில் இருக்கிற மாதிரியே கட்டம் போட்ட அனுமதித் தாள்களை அச்சடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்.

“வடை சுடறதுக்கு மட்டுந்தான் இன்னும் பெர்மிட் கேக்கல,” என்று அவர் மனைவி ஜெயபாரதி கோயமுத்தூருக்கு போன் போட்டுப் புலம்பாத நாள் இல்லை.

ஜெயபாரதியின் சண்டை வேறு. அது ஓரகத்தி ராதிகாவோடு. பாலமுரளியின் அண்ணன் மனைவி. இருப்பு நியூஜெர்சியில்.

ராதிகா ஒவ்வொரு அக்டோபரிலும் தன் வீட்டு வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவாள். முதலில் மஞ்சள், அடுத்த வாரம் ஆரஞ்சு, அதற்கடுத்த வாரம் ரத்தச் சிவப்பு. கூடவே ஒரு வரி. “பாவம் பாரதி, உங்களுக்கு ரெண்டே சீசன். ஏசி போடற சீசன், ஏசி போடாத சீசன்.”

இந்த வருஷம் பாரதி பொறுக்கவில்லை. “எங்க வீட்டு பாதாம் மரமும் செவக்கும் அக்கா. என்ன, தை மாசம் செவக்கும். வந்து பாருங்க!” என்று போட்டுவிட்டாள்.

தையில் இலையுதிர் காலமா என்று குரூப்பே சிரித்தது. ராதிகா சிரிக்கவில்லை. “தையில ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வர்றேன். காலைல துபாய்ல இறங்கறேன், பொழுதோட ஷார்ஜாவுல இருந்து கோயமுத்தூர் ஃபிளைட். நடுவுல உன்ற மரத்தைப் பாக்கறேன்,” என்று பதில் போட்டாள்.

அந்த நாள் இன்று. சனிக்கிழமை.

*

“ஏனுங்க! சித்த வெளிய வாங்க!”

பாலமுரளி வந்தார். லுங்கி, பனியன், காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. தோட்டத்துக்குள் செருப்போடு வருவது விதிப்படி குற்றம்.

“இந்த அட்டைய எதுக்குங்க மாட்டினீங்க?”

“யாரோ வால்வை மூடி மூடி வெக்கறாங்க பாரதி. நான் தொறந்து வெப்பேன். மறுநாள் பாத்தா மூடியிருக்கும். தோட்டக்காரன் வேலையாத்தான் இருக்கும்னு டேக் போட்டுட்டேன்.”

“மூடினது நானுங்க!”

“நீயா? தண்ணி இல்லாம மரம் என்னத்துக்கு ஆகும்?”

“தண்ணிய நிறுத்தினாத்தான் நல்லா செவக்கும்! மார்கழியில இருந்து அதுக்குத்தானே மூடி வெக்கறேன்!”

பாலமுரளி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒன்றும் தெரியாத ஹெல்ப்பரைப் பார்க்கிற பார்வை.

“இலை செவக்கறது சீக்கும்மா. சத்துக் கொறைவு. நான் பாத்துட்டு சும்மா இருப்பனா? ரெண்டு வாரமா இரும்புச் சத்து மருந்து கரைச்சு வேர்ல ஊத்திட்டு வர்றேன். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. இக்கட்டப் பக்கம் வந்து பாரு, எவ்வளவு பச்சையாயிடுச்சு!”

பாரதி வந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

உண்மைதான். தெருப் பக்கம் சாய்ந்திருந்த பெரிய கிளை மட்டும் குங்குமம், செம்மண், கத்தரிப்பூ என்று ஜொலித்தது. வீட்டுப் பக்கம் இருந்த பாதி மரம் கொழுகொழுவென்று பச்சையாக நின்றது. போதாததற்குப் புதுத் துளிர் வேறு. எந்தப் பக்கம் இவருடைய ஹோஸ் எட்டியதோ அந்தப் பக்கம் முழுக்கக் குணமாகிவிட்டது.

ஒரு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வால்வை ஆளுக்கொரு பக்கம் திருகியிருக்கிறார்கள். இத்தனைக்கும் ஒரே கட்டில், ஒரே காபி டிகாஷன்.

பாரதிக்கு அழுகை வந்தது. மரத்துக்காக மட்டும் இல்லை. ராதிகா அக்கா இந்தப் பாதி மரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழிக்கப் போவதை நினைத்தும்தான். இந்த ஊருக்கு வந்த நாளாக, அங்கே என்ன இருக்கிறது, மணலும் ஏசியும்தானே என்று கேட்கிறவர்களுக்கு அவள் காட்டக்கூடியது இந்த மரம் ஒன்றுதான்.

மாடி ஜன்னலில் மகள் பிருந்தாவின் தலை தெரிந்தது. ப்ளஸ் ஒன் படிக்கிறவள்.

“அம்மா, சில். ஒரு ஃபில்டர் போட்டா ஃபுல் ட்ரீயும் ரெட் ஆயிடும். ஐ கேன் டூ இட் இன் டூ செகண்ட்ஸ்.”

“பெரியம்மா போட்டோவையாடி பாக்க வர்றாங்க? நேர்ல வர்றாங்க!”

“தென் ஸ்ப்ரே பெயிண்ட்,” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டது அந்தத் தலை.

பாலமுரளி கார் சாவியை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன விஷயம் என்றுதான் ஞாபகம் வரவில்லை. போய்விட்டார்.

அந்த இன்னொரு விஷயம், பதினொன்றரை மணிக்கு ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கியது.

*

பாரதி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ‘வ்ர்ர்ர்’ என்று சத்தம். பக்கத்து வில்லாவில் ஏதோ ரிப்பேர் என்று நினைத்தாள். எண்ணெயில் நாலு வடை புரண்டது. பிறகு ‘மடமட’ என்று எதுவோ முறிந்து, தரை அதிர்ந்தது.

ஜல்லிக் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

தெருப் பக்கத்துக் கிளை, சிவந்திருந்த ஒரே கிளை, தோட்டத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் மேல் ஒரு ஆள் மரம் அறுக்கும் மிஷினோடு நின்றான். இன்னொருவன் அடிமரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர் மரத்தை மேலும் கீழும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க!”

வடை எண்ணெய் சொட்டும் கரண்டிக்கு உலகத்தில் எல்லா மொழிக்காரனும் பயப்படுவான். மிஷின் நின்றது.

“மேடம், நான் ராஜிக். வீட்டு ஓனர் ஆபீஸ்ல மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்,” என்றார் பேனாக்காரர். கீழக்கரைக்காரர். “சின்ன கேட் சாவி எங்ககிட்ட இருக்கு. பெல் அடிச்சோம், நீங்க வரல.”

“எதுக்குங்க என்ற மரத்தை வெட்டறீங்க?”

“சார்தானே கம்ப்ளெய்ன்ட் பண்ணினாரு. மரத்துக்கு சீக்கு, ஆள் அனுப்பிப் பாருங்கன்னு.”

“பாருங்கன்னுதானே சொன்னாரு?”

ராஜிக் தர்மசங்கடமாகச் சிரித்தார். “பாக்கிறதுக்கு எங்க ஆபீஸ்ல ஆள் இல்ல மேடம். வெட்டுறதுக்குத்தான் ஆள் இருக்கு. ஏசிக்கு சீக்குன்னா ஏசியை மாத்துவோம். மரத்துக்கு சீக்குன்னா மரத்தை எடுத்துருவோம். ஓனர் அர்பாப்புக்கும் இந்த எடத்துல கார் ஷெட் போடணும்னு ரொம்ப நாளா எண்ணம். இன்னும் அரை மணி நேரம், கலாஸ், வேலை முடிஞ்சுரும்.”

சொல்லிவிட்டு மிஷின்காரனைப் பார்த்து, “யல்லா பாய், ஜல்தி!” என்று விரட்டினார்.

பாரதி கரண்டியை இறக்கவில்லை. அழுதால் மரம் போய்விடும். கத்தினாலும் போய்விடும். பேனா வைத்திருக்கிற ஆளை நிறுத்த வேறு வழி வேண்டும். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாள்கட்டு ஞாபகம் வந்தது.

“இருங்க. பெர்மிட் எங்க?”

“என்ன பெர்மிட்?”

“இந்த வீட்ல ஒர்க் பெர்மிட் இல்லாம ஒருத்தரும் ஏணியில கால் வெக்கக் கூடாது. பிருந்தா! அப்பாவோட பேப்பர் கட்டை எடுத்துட்டு வா!”

ராஜிக் சிரித்தார். பிருந்தா தாளை நீட்டியதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டம் போட்ட தாள். வேலையின் தன்மை, ஆபத்துகள், பாதுகாப்பு ஏற்பாடுகள், அனுமதி வழங்குபவர் கையெழுத்து. அச்சு அசல். ராஜிக் இந்த ஆபீஸுக்கு வருவதற்கு முன்னால் ருவைஸில் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர். பெர்மிட் இல்லாமல் ஏணி ஏறிய குற்றத்துக்கு ஒரு தடவை அவரை வீட்டுக்கே அனுப்பப் பார்த்தார்கள். தாளைப் பார்த்ததும் மனிதரின் கை தன்னால் தலைக்குப் போய் ஹெல்மெட்டைத் தேடியது.

பாரதி விடவில்லை. ஒரு டியூப்லைட் மாற்றுவதற்காக இந்தக் கேள்விகளுக்கு அவள் எத்தனை தடவை புருஷனிடம் பதில் சொல்லியிருக்கிறாள்!

“மேல ஏறறவருக்கு பெல்ட் எங்க?”

“அது... வண்டியில இல்ல மேடம்.”

“கீழ நிக்கறவருக்கு ஹெல்மெட்?”

“ரூம்ல இருக்கு.”

“சுத்தி டேப் கட்டினீங்களா? தீயணைக்கிற சிலிண்டர் எங்க?”

“மரம் வெட்டுறதுக்கு எதுக்கு மேடம் தீயணைப்பு?”

“எங்க வீட்ல பல்பு மாத்தறதுக்கே வேணும்!”

ராஜிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மிஷின்காரனை இறங்கச் சொன்னார். ஆனாலும் அவருக்கும் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

“மேடம், நான் சும்மா திரும்பிப் போக முடியாது. சாரே கம்ப்ளெய்ன்ட்டை கேன்சல் பண்ணணும். காரணம் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு பெல்ட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து வெட்டிட்டுத்தான் போவோம்.”

“போன் போடறேன். அதுவரைக்கும் வடை சாப்பிடுங்க,” என்றாள் பாரதி. குரலில் இருந்த சூட்டைப் பார்த்தால் வடையே தேவலை.

*

பாலமுரளியின் கார் அல் இத்திஹாத் ரோட்டு டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருந்தது. ராதிகா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து அவள் பேசியதே நாலு வார்த்தைதான். பிரயாணக் களைப்பு என்று பாலமுரளி நினைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. பட்டனை அழுத்தினார். இந்தக் காலத்துக் கார்களில் போன் காதுக்கு வராது. கார் முழுக்க வரும்.

“மரத்தை வெட்ட ஆள் வரச் சொன்னீங்களா?”

நாலு ஸ்பீக்கரிலும் பாரதியின் குரல். பாலமுரளி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். காலையில் வாய் வரை வந்து மறந்துபோன விஷயம் இப்போது தெளிவாக ஞாபகம் வந்தது.

“வெட்டச் சொல்லலம்மா. பாக்கச் சொன்னேன். பாரதி, அண்ணி பக்கத்துல...”

“இருக்கட்டும்! அக்காவும் கேக்கட்டும்! செவந்த கெளை மொத்தமும் கீழ கெடக்குதுங்க. நீங்க மருந்து ஊத்தின பச்சைக் கெளைதான் மேல நிக்குது. நெம்ப சந்தோஷமா?”

ராதிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலமுரளிக்குக் காரோடு எங்காவது புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது.

“சீக்கு மரம்னு நெனச்சுத்தான்...”

“இந்த வீட்டுக்கு நாம வந்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு தையிலயும் இது செவக்குதுங்க.” பாரதியின் குரல் இறங்கியது. “செவந்து, கொட்டி, மறுபடி துளிர்க்கும். பிருந்தா அந்த எலைய அடுக்கி வெச்சுக் கடை வெச்சு வெளையாடியிருக்கா. அவளுக்கு அம்மை போட்டப்போ அந்த எலையத்தான் ஜன்னல் வழியா எண்ணிக்கிட்டு நான் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு தையில நீங்க வீட்ல இருந்திருந்தா, இது சீக்கு இல்லேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

ராதிகா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாலமுரளி கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. குளிர்காலம் என்றால் அவருக்கு ஷட்டவுன் ஒன்றுதான். வீட்டில் அதற்கு ஒரு நிறம் இருந்தது என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது.

“சார், ராஜிக் பேசறேன்,” என்று ஸ்பீக்கரில் வேறு குரல் வந்தது. வாயில் வடை இருந்தது தெளிவாகக் கேட்டது. “ஆபீஸ்ல ஜலஜா மேடத்தை லைன்ல எடுத்திருக்கேன். கேன்சல்னா அவங்கதான் போடணும்.”

“நமஸ்காரம் சாரே,” என்றது ஒரு மலையாளக் குரல். “மரத்தோட கம்ப்ளெய்ன்ட் கேன்சல் பண்ணணுமா? காரணம் சொல்லுங்க.”

“மரத்துக்கு ஒண்ணும் இல்ல மேடம்.”

“அப்புறம் எதுக்கு கம்ப்ளெய்ன்ட் கொடுத்தீங்க?”

பாலமுரளி முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ரிப்போர்ட்டில் உண்மைக் காரணத்தைத்தான் எழுத வேண்டும் என்று தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் எடுத்தே பழகியவர்.

“இத்தன வருஷமா நான் வீட்ல இல்ல. அதனால அது நல்லா இருக்கிறது எனக்குத் தெரியல.”

மறுமுனையில் கீபோர்டு சத்தம்.

“அந்தக் காரணம் இங்க லிஸ்ட்ல இல்ல சாரே,” என்றாள் ஜலஜா மெதுவாக. “நான் ‘அதர்ஸ்’னு போட்டுக்கறேன்.”

*

கார் வந்து நின்றபோது ராஜிக்கும் ஆட்களும் இரண்டாவது தட்டு வடையில் இருந்தார்கள். பாலமுரளியைப் பார்த்ததும் ராஜிக் எழுந்து பெர்மிட் தாளை நீட்டினார். பழக்க தோஷம்.

பாலமுரளி வாங்கிப் பார்த்தார். ‘அனுமதி வழங்குபவர்’ என்ற இடத்தில் பாரதியின் கையெழுத்து. அதற்கு மேலே ‘மறுக்கப்பட்டது’. ‘ஆபத்துகள்’ என்ற கட்டத்தில் பிருந்தா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள்.

அப்பா.

“ஃபில்லிங் எவ்ரி பாக்ஸ் இஸ் மேண்டேட்டரி. நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் பிருந்தா.

பாலமுரளி நேராக வால்வு இருந்த இடத்துக்குப் போய் மஞ்சள் அட்டையைக் கழற்றினார். அதை நாலாக மடித்து லுங்கியில் செருகப் பார்த்தார், பேன்ட் போட்டிருப்பது ஞாபகம் வந்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிறகு வால்வை அவரே மூடினார்.

“அடுத்த தைக்கு எப்ப மூடணும், எப்பத் தொறக்கணும்னு சொல்லு பாரதி. அதுபடி பண்ணிடறேன்.”

பாரதி அவர் தட்டில் இரண்டு வடை வைத்தாள். கல்யாணமான ஆண்களுக்கு இதன் அர்த்தம் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் ராதிகா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பாரதி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி அருகில் போனாள்.

“பாதி பச்சை, பாதி கீழ,” என்றாள் ராதிகா. “இதான் உன்ற இலையுதிர் காலமா?”

“அவரு ஊத்தின மருந்து அக்கா. இல்லேன்னா...”

“கார்லயே கேட்டேன்.”

ராதிகா குனிந்து, விழுந்து கிடந்த கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றாள். பிருந்தா வளர்ந்துவிட்டாள் என்றாள். மரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது பாரதிக்கு. குரூப்பில் வரி வரியாக நக்கலடிக்கிற பெண், நேரில் வந்து இப்படி ஊமையாக உட்கார்ந்திருந்தால் எப்படிச் சண்டை போடுவது?

மூன்று மணி அடித்தது. பாலமுரளி எழுந்தார். நேரம் என்று வந்தால் மனிதர் கெட்டிக்காரர்.

“அண்ணி, இப்பக் கிளம்பினாச் சரியா இருக்கும். செக்கின்ல கூட்டம் இருக்கும்.”

ஹாலில் இருந்த பெட்டியைத் தூக்கினார்.

“அதைக் கீழ வைங்க முரளி,” என்றாள் ராதிகா. “எனக்கு ஃபிளைட் இல்ல.”

“டிலேயா அண்ணி?”

“டிக்கெட்டே போடல. துபாய் வரைக்குந்தான் போட்டேன்.”

பாரதி சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு நின்றுவிட்டாள்.

“கல்யாணம், அக்கா?”

“கல்யாண வீட்டுக்குப் போனா, உங்க வீட்டுக்காரர் ஏன் வரலைன்னு ஆளுக்கொரு தடவை கேப்பாங்க. எத்தன பேருக்குத்தான் பதில் சொல்றது?” ராதிகா அந்தச் சிவப்பு இலையின் காம்பை விரலில் சுற்றினாள். “எங்க வாசல்ல அந்த மேப்பிள் இருக்குதே பாரதி. எங்க வீட்டுக்காரரு தினமும் அதுக்கு அடியிலதான் காரை நிறுத்தறாரு. இத்தன வருஷத்துல ஒரு நாள் நிமிந்து பாத்ததில்ல. ‘பாருங்க, எப்படி செவந்திருக்கு’ன்னு கூப்பிட்டா, கார் மேல எலை விழுகுதுன்னு சொல்லுவாரு. முரளியாவது வெளியூர்ல இருந்தாரு. இவரு வீட்லயேதான் இருக்காரு.”

பாரதி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“குரூப்ல போட்டாலும் எல்லாரும் கும்பிடற கைப் படத்தைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நீ ஒருத்திதான் சண்டைக்கு வருவே. நீ என்ன பதில் போடுவியோன்னு போனைப் பக்கத்துலயே வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.” ராதிகா சிரிக்க முயன்றாள். “மரத்தை வந்து பாருங்கன்னு என்னைக் கூப்பிட்டது நீ மட்டுந்தான் சாமி. அதான் வந்துட்டேன்.”

இத்தனை வருஷமாக எந்த அக்காவை ஜெயிக்க வேண்டும் என்று பாரதி ராத்தூக்கம் கெட்டாளோ, அந்த அக்கா எதிரில் உட்கார்ந்து ஒரு பாதாம் இலையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாரதி எழுந்து போய்ப் புருஷன் கையிலிருந்த பெட்டியை வாங்கி, பிருந்தாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

பாலமுரளியின் போன் அடித்தது. திரையில் ‘அண்ணன்’.

மூவரும் அதையே பார்த்தார்கள். பாலமுரளி எடுத்து, கை தவறி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“முரளி, உங்க அண்ணி அங்கதானே இருக்கா?” நியூஜெர்சியில் விடியும் நேரம். அண்ணன் சேதுமாதவனின் குரலில் தூக்கம் இன்னும் கலையவில்லை. “காபிப் பொடி டப்பா எங்க வெச்சிருக்கான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். எல்லாக் கபோர்டையும் தொறந்து பாத்துட்டேன்.”

பாலமுரளி அண்ணியைப் பார்த்தார். பாரதியும் பார்த்தாள்.

ராதிகா இலையை மேஜை மேல் வைத்தாள்.

“தேடட்டும்னு சொல்லுங்க முரளி,” என்றாள்.